அவசரத்துக்கு அழைக்க

மயங்கி விழுந்தவர் ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது, பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் மருத்துவச் செயலியைத் திறந்தார். பல ஆஸ்பத்திரிகளின் பழைய குறிப்புகள் அதில் ஒன்றாக வந்திருந்தன. "குடல்வால் ஆபரேஷன் நடந்திருக்கே?"

"கல்யாணமான புதுசு, டாக்டர். அன்னைக்குப் பேய்மழை. நான்தான் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனேன். அந்த வலியிலயும் 'மெதுவாப் போ'ன்னு திட்டிக்கிட்டே வந்தார்."

"நீ ஓட்டின லட்சணம் அப்படி," என்று அவர் சிரித்தார்.

"வீட்டுக்குப் போனதும் மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கம்மா," என்றார் டாக்டர்.

"அது முடியாது, டாக்டர். நாங்க பிரிஞ்சு பல வருஷமாச்சு. பழைய குறிப்போட என் நம்பரும் வந்திருக்கு போல. உங்க ஆளுங்க கூப்பிட்டாங்க. மனசு கேக்கல, ஓடி வந்துட்டேன்."

டாக்டர் சங்கடப்பட்டார். "வேற நம்பர் போட்டுடலாமா சார்?"

அவர் அவளைப் பார்த்தார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இருந்துட்டுப் போகட்டும்."