மாமனார் ஸ்டியரிங்

மாமனாரைக் கொன்றுவிடுவது என்று கிங்ஸ்லி முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்தில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது. பிரசங்கம் பொறுமையைப் பற்றியது.

மாமனார் பாக்கியசீலன் முக்கூடலில் பெரிய வாழைத் தோட்டக்காரர். மருமகனை வீட்டோடு வைத்துக்கொண்ட தர்மவான். தோட்ட வேலைக்குக் கூலி கிடையாது. சாப்பாடும் ஏச்சும் வேளாவேளைக்குக் கிடைக்கும். தோட்டத்தைப் பற்றி மகள் ரீபா வாயைத் திறந்தால், "ஏட்டி, நான் போன பொறவு எல்லாம் ஒனக்குத்தான. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்பார். போகிற உத்தேசம் அவருக்கு இருப்பதாகத்தான் தெரியவில்லை. எழுபது வயதிலும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்.

அவரிடம் ஒரு பழைய குட்டி டிராக்டர் இருந்தது. வாழை வரிசைகளுக்கு நடுவே புகுந்து உழ வாங்கியது. அது உழுததைவிட அதன் ஸ்டியரிங் ஊரில் பிரசித்தம். தேய்ந்து லொடலொடத்துப் போய், அரைச் சுற்றுச் சுற்றினாலும் முன்சக்கரம் காதில் வாங்காது. பாக்கியசீலன் இடமும் வலமுமாகச் சுற்றித் தள்ளிக்கொண்டே கால்வாய்க் கரைமேல் ஓட்டிப் போவார். பார்க்கிறவர்கள்தான் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

"மாமா, அத மாத்திருவமே. ஆபத்துல்லா?" என்று கல்யாணமான புதிதில் கிங்ஸ்லி நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான்.

"ஆளு ஆடப்படாதுவே மாப்ள. ஸ்டியரிங் ஆடினா ஒண்ணும் இல்ல."

ஒருநாள் கிங்ஸ்லி அந்த வண்டியை எடுத்தான். நேராக முள்வேலிக்குள் போய் நின்றான். அவன் முள்ளைப் பிடுங்கி முடிப்பதற்குள் மாமனார் ஊரைக் கூட்டிவிட்டார். "இஞ்சினியர்னு சொல்லி எங்க தலையில கட்டிட்டானுவ. குட்டி டிராக்டர் ஓட்டத் தெரியல!" இதை டீக்கடையில் சொன்னார். ஆலய வாசலில் சொன்னார். ஒரு துஷ்டி வீட்டில், செத்தவரின் மகனிடமும் சொன்னார். கிங்ஸ்லியின் மானம் கப்பலேறியது. அதன் பிறகுதான் அந்தப் பிரசங்கம்.

திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய், முகம் தெரியாத ஒரு கடையில் ஸ்பேனரும் வேண்டிய சாமான்களும் வாங்கினான். அடுத்த ஞாயிறு தலைவலி என்று போர்த்திப் படுத்தான். மற்றவர்கள் ஆலயத்துக்குக் கிளம்பியதும் தலைவலி போய்விட்டது. கால்வாய் ஓரத்து ஷெட்டுக்குள் போய் டிராக்டருக்கு அடியில் புகுந்தான். எந்த நட்டை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதை யூடியூபில் யாரோ ஒரு புண்ணியவான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆராதனை முடிவதற்குள் வேலை முடிந்தது.

ஒரே ஒரு பிசகு. தொலைந்த ஆட்டைத் தேடி வந்த அடுத்த தோட்டத்து அன்னத்தாய், ஆட்டுக்குப் பதிலாக டிராக்டருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை பாக்கியசீலன் வண்டியை எடுத்தார். கரையேறிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, வண்டி தலைகுப்புறக் கால்வாய்க்குள் விழுந்தது. தூக்கிப் பார்த்தபோது அவருக்கு உயிர் இல்லை. ஊரே அழுதது. கிங்ஸ்லி ஊரைவிடச் சத்தமாக அழுதான்.

இன்ஸ்பெக்டர் குற்றாலலிங்கம், ரிட்டயர் ஆவதற்குள் ஒரு கொலையையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். அன்னத்தாய் சொன்ன இரண்டு கால்கள் அவருக்குப் போதும். வண்டியைக் கரைக்கு இழுத்துப்போட்டு, மெக்கானிக் பேச்சிராஜை அதனடியில் படுக்க வைத்தார். பிறகு கிங்ஸ்லியிடம் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழம வண்டிக்கு அடியில கெடந்தது நீருதானவே?"

கிங்ஸ்லி தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா சார்."

"ஸ்டியரிங்ல கை வச்சீரா?"

"வச்சேன் சார்."

ரீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர், விலங்கை எடு என்று கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார். பேச்சிராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"சார், எதயும் கழட்டிவிடலயே. ஸ்டியரிங்க சக்கரத்தோட சேக்குற டை ராடு முனை, புஷ்ஷு எல்லாம் புதுசு. நட்டு அத்தனையும் கச்சிதமா முறுக்கியிருக்கு. குப்புற விழுந்தும் ஸ்டியரிங்ல மயிரிழை ஆட்டம் கெடையாது. வேல சுத்தம்னா சுத்தம்."

இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கிப்போனது. "ரிப்பேரா பாத்தீரு? அத ஏம்வே ஒளிஞ்சு செஞ்சீரு?"

"மாமாட்ட கேட்டா விட மாட்டாவ சார். அதான் சொல்லாமலே மாத்தி வச்சிட்டேன்."

"அப்ப, மாத்துனது கடைசி வர அவருக்குத் தெரியாதா?"

"தெரியாது சார்" என்று கிங்ஸ்லி குலுங்கிக் குலுங்கி அழுதான்.

இன்ஸ்பெக்டருக்கே கண் கலங்கிவிட்டது. "எனக்கும் ஒரு மருமகன் இருக்கான். ஒரு பல்ப மாத்தித் தர மாட்டுக்கான்" என்று கிங்ஸ்லியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வயசாளி, தலை சுற்றி விழுந்திருப்பார் என்று சொல்லி, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வருஷக்கணக்காக அரைச் சுற்றுச் சுற்றியே பழகிய கைக்கு, தொட்டதும் திரும்புகிற ஸ்டியரிங்கைச் சொல்லாமல் மாட்டிக் கொடுத்தால் கால்வாய்க் கரைமேல் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தவன், அந்தக் கூட்டத்தில் கிங்ஸ்லி ஒருவன்தான்.