பட்டனை அழுத்த மாட்டேன்

“முடியாதும்மா. முதல்ல புதுக் கம்ப்யூட்டர்ல அது ஓடட்டும். அப்புறம் பழசுல பட்டனை அழுத்தறேன்.”

கொலெட் பெருமூச்சு விட்டாள். கனடாவின் மாங்க்டன் நகரில் இருந்த அந்தச் சேவை மையத்தில் முப்பது நாற்பது நிறுவனங்களின் மென்பொருள்களுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எந்த மென்பொருள், எதற்குப் பயன்படுகிறது என்பதெல்லாம் அவள் திரையில் வராது. உரிம எண்ணும் பெயரும் ஊரும்தான் வரும்.

ஓரெஸ்ட் ஹலுஷ்கா. சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு சிற்றூர்.

“சார், ஒரு உரிமம் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான். பழசுல ‘விடுவி’ன்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அழுத்தினா பதினாறு இலக்க நம்பர் வரும். அதைப் படிச்சுச் சொல்லுங்க. நான் உடனே புதுசுக்கு ஒரு நம்பர் தரேன். ரெண்டு நிமிஷ வேலை.”

மறுமுனையில் இடைவெளி. எதற்கும் அவர் உடனே பதில் சொல்வதில்லை. குரலை உயர்த்தாமல், நிதானமாகச் சண்டை போடும் ரகம்.

“அழுத்தினதும் பழசுல அது நின்னுடும். சரிதானே?”

“ஆமா.”

“நீ தர நம்பர் வேலை செய்யலைன்னா?”

“திரும்பக் கூப்பிடுங்க.”

“எப்படி?”

“எப்படின்னா? இப்பக் கூப்பிட்ட மாதிரிதான் சார்!”

மீண்டும் இடைவெளி.

“நாற்பது வருஷம் மாட்டு ஏலம் விட்டவன் நான். அடுத்த பட்டியோட கதவைத் திறக்காம, இந்தப் பட்டியில இருந்து ஒரு மாட்டைக்கூட விரட்டினதில்ல.”

“இது மாடு இல்ல சார்.”

“தெரியுது. மாடா இருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்.”

கொலெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நேரம் திரையின் ஓரத்தில் மேற்பார்வையாளர் ப்ரென்ட்டின் செய்தி மின்னியது. ‘நாற்பது நிமிஷம் ஆச்சு. மெயில் போடச் சொல்லிட்டு லைனைக் கட் பண்ணு.’

“சார், நீங்க ஒரு மெயில் போடுங்க. அஞ்சு வேலை நாள்ல பதில் வந்துடும்.”

“இது அஞ்சு நாள் தாங்காது. காலையில இருந்து மூணு தடவை தானா அணைஞ்சு போச்சு. திரையில பாதி கறுப்பு. மின்விசிறி டிராக்டர் மாதிரி உறும...”

பேச்சு பாதியில் அறுந்தது.

“சார்? சார், இருக்கீங்களா?”

பதில் இல்லை. ஆனால் இணைப்பு அறுபடவில்லை. யாரோ மேசையை விரலால் தட்டும் ஓசை மட்டும் டொக் டொக்கென்று கேட்டது. ப்ரென்ட் தன் இருக்கையிலிருந்து எழுந்து, கட் பண்ணு என்று கையால் சைகை காட்டினான். அவள் கேட்கவில்லை. நான்கு நிமிடம் கழித்துக் குரல் திரும்பியது.

“இங்கேதான் இருக்கேன். மறுபடி அணைஞ்சுடுச்சு. எழுப்பிட்டேன்.”

“கம்ப்யூட்டர் அணைஞ்சா அணையட்டும். நான் கூப்பிடறேன்ல, ஒரு வார்த்தை பதில் சொல்லக் கூடாதா?”

இந்த முறை இடைவெளி கொஞ்சம் நீண்டது.

“இன்னைக்குச் சாயங்காலம் இங்க ஒரு கூட்டம். எங்க ஆஸ்பத்திரியோட அவசரப் பிரிவை மூடப் போறாங்களாம். அடுத்தது தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி. பனி கொட்டினா ரோடே இருக்காது. பெரிய ஆளுங்க எல்லாரும் வராங்க. அவங்க முகத்துக்கு நேரா நாலு கேள்வி கேட்கணும்.”

“தாராளமா கேளுங்க. அதுக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டர்? பேப்பர்ல எழுதி வச்சுக்குங்களேன்.”

“போன தடவை பேப்பர் கொடுத்தேன். மடிச்சு ஃபைல்ல வச்சுட்டாங்க. இந்தத் தடவை விட மாட்டேன்.”

அதற்கும் இந்த மென்பொருளுக்கும் என்ன சம்பந்தமென்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அவர் கேட்பதில் தப்பில்லை என்பது புரிந்தது. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, ஓடுமா ஓடாதா என்று தெரியாததை நம்பு என்கிறது விதி. யார் எழுதிய விதி?

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு கணினிகளிலும் ஓட அனுமதிக்கும் கட்டம் அவள் திரையில் இருந்தது. மேற்பார்வையாளரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. கொலெட் தொட்டாள்.

“எழுதிக்குங்க சார்.” புது எண்ணைச் சொன்னாள்.

ப்ரென்ட் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். “கொலெட், என்ன பண்ற நீ? விதி தெரியாதா?”

“தெரியும். விதி தப்பு. வேணும்னா எழுதியே தரேன், கையெழுத்துப் போட்டு.”

அவன் முகம் சிவக்க நின்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நிமிடம் மேசை தட்டும் ஓசைகூட இல்லை. பிறகு அதே குரல், முன்பைவிடத் தெளிவாக வந்தது.

“புதுசுல ஓடுது. இப்பப் பழசுல பட்டனை அழுத்திட்டேன். நீ கேட்ட நம்பரை எழுதிக்கோ.”

பதினாறு இலக்கங்களையும் ஒன்று விடாமல் படித்தார். அவள் பதிந்துகொண்டாள்.

“இப்பவாவது சொல்லுங்க சார். பட்டனை அழுத்திட்டு நம்பரைப் படிக்கறதுல அப்படி என்ன பிடிவாதம்? என் வேலையே போயிருக்கும்.”

“முதல்லயே சொல்லியிருந்தா, பாவம்னு கொடுத்திருப்ப. நியாயம்னு கொடுக்கணும்னு நினைச்சேன். மூணு வருஷம் முன்னாடி புற்றுநோய்னு என் குரல்வளையை எடுத்துட்டாங்கம்மா. நான் தட்டச்சு பண்றதோட சரி. இவ்வளவு நேரம் உன்கிட்ட சண்டை போட்டது அந்த மென்பொருள்தான்.”