தலைகீழ் மடிப்பு

"இன்னிக்கும் தலைகீழாத்தான் மடிச்சிருக்கா" என்று முணுமுணுத்தார் சங்கச் செயலாளர்.

லேப்டாப் திரையில் ஒரு பக்கம் தையல் டீச்சர், தன் வீட்டு மெஷின் முன்னால். இன்னொரு பக்கம், கடல் தாண்டி இருக்கும் தையல் மையத்தில் சுருட்டை. தலைமுடியைப் பார்த்து டீச்சர் வைத்த பெயர் அது. அவள் கையில் பாதி தைத்த மாஸ்க். மடிப்பு மூன்றும் மேலே பார்த்தபடி, தூசியை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"கீழே பார்க்க மடிக்கணும்டி. எத்தனை தடவை சொல்றது?"

"மறந்து போச்சுக்கா. இன்னொரு தடவை காட்டுங்களேன்."

டீச்சர் அலுத்துக்கொள்ளாமல் புதுத் துணியை எடுத்தார். செயலாளருக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறியது. சட்டைக் காலரே தைக்கத் தெரிந்தவளுக்கு இந்த மூன்று மடிப்பு மண்டையில் ஏறவில்லையா?

அவர்களுடையது சின்ன சங்கம். ஆபீஸ் கிடையாது, சம்பளம் கிடையாது. வருஷா வருஷம் லீவு விட்டதும் நாலைந்து பேர் விமானம் ஏறிப் போய், அந்த மையத்திலேயே தங்கித் தையல் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார்கள். டீச்சர் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. இந்த வருஷம் கொரோனா வந்து விமானத்தை நிறுத்திவிட்டது. 'நேர்ல போக முடியலைன்னா என்ன, போன்ல போவோம்' என்று இந்தச் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கி வைத்ததே செயலாளர்தான். அந்த ஊருக்கு வேண்டிய மாஸ்க்கை அவர்களே தைத்துக்கொள்ளட்டும் என்று ஆசை.

மாசக்கணக்கில் நடக்கிறது. வகுப்பு அந்த மடிப்பைத் தாண்டி நகரவில்லை.

"ஏண்டி, நான் படுக்கிற கட்டில் இன்னும் ஜன்னல் பக்கத்துலதான் கிடக்கா?"

"அங்கேயேதான்க்கா. யாரையும் படுக்க விடலை."

"கொஞ்சம் காட்டேன்."

சுருட்டை போனைத் திருப்பினாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், வெளியே கொடியில் காயும் துணி. டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால், பயணத்துக்காகக் கட்டிவைத்த பெட்டி பிரிக்கப்படாமல் சுவரோரம் நின்றது.

"உன் கப்பல்கார வீட்டுக்காரர் பேசினாரா?" என்று கேட்டார் கடைசியில்.

"பேசினார்க்கா. எந்தத் துறைமுகத்துலயும் இறங்க விடமாட்டேங்கறாங்களாம். எப்ப வருவார்னு அவருக்கே தெரியலை."

"வந்துடுவார்டி. நீ மடிப்பைப் பாரு."

இது தையல் வகுப்பா, ஊர்க்கதை பேசும் இடமா? இனிமேல் பொறுக்க முடியாது என்று முடிவு கட்டினார் செயலாளர். வகுப்பு முடிந்து டீச்சர் போனதும், சுருட்டையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. வகுப்பை இதோட நிறுத்திக்கலாம். மாஸ்க்கை நாங்களே வாங்கிப் பெட்டியில போட்டு அனுப்பிடறோம். உனக்கும் கஷ்டமில்லை, டீச்சருக்கும் தொண்டைத்தண்ணி மிச்சம்."

சுருட்டை எழுந்து போய் ஒரு அலமாரியைத் திறந்து காட்டினாள். மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை மாஸ்க். கட்டுக் கட்டாக. ஒவ்வொன்றிலும் மடிப்பு கச்சிதமாகக் கீழே பார்த்தது.

"பெட்டியெல்லாம் வேண்டாம் சார். எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஓட்டறவங்களுக்கும் நாங்கதான் தைச்சுக் கொடுக்கறோம்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அப்ப சனிக்கிழமை மட்டும் என்னம்மா ஆகுது உனக்கு?"

"மடிப்பு முதல் வகுப்புலயே வந்துடுச்சு சார். சரியா மடிச்சுக் காட்டினேன். 'அவ்வளவுதானா, இனிமே நான் வேண்டாமா'ன்னு அக்கா கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க, ஆனா அந்த முகத்தை என்னால பார்க்க முடியலை. பூட்டின வீட்டுக்குள்ள ஒண்டியா இருக்காங்க. மகனும் வர முடியாத ஊர்ல மாட்டிக்கிட்டான். அடுத்த வாரம் வேணும்னே தப்பா மடிச்சேன். எவ்வளவு சந்தோஷமாத் திட்டினாங்க தெரியுமா? வகுப்பை நிறுத்திடாதீங்க சார். அவங்ககிட்ட சொல்லியும் கொடுத்துடாதீங்க."

செயலாளர் தலையை ஆட்டினார்.

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் உடனே டீச்சருக்குப் போன் போட்டார்.

"டீச்சர், வகுப்பை நிறுத்திடலாமான்னு ஒரு யோசனை இருந்தது. அப்புறம் நானே வேண்டாம்னு விட்டுட்டேன். அந்தப் பொண்ணுக்கு இன்னும் மடிப்பே பிடிபடலையே. நீங்க பாட்டுக்கு எத்தனை மாசமானாலும் நடத்துங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"வயித்துல பாலை வார்த்தீங்க சார். உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், மனசோட வச்சுக்கோங்க. அவளுக்கு மடிப்பு நல்லாவே தெரியும்."

செயலாளர் திடுக்கிட்டார். "உங்ககிட்ட யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லணுமா? தெரியாதவ மடிச்சா கோணலும் மாணலுமா இருக்கும். இவ தப்பைக்கூட நூல் பிடிச்ச மாதிரி மடிக்கிறாளே. புருஷன் நடுக்கடல்ல கிடக்கான், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம ஏங்கிப்போய்க் கிடக்கா சார். என்னைப் பேச்சுல பிடிச்சு வச்சுக்க அவளுக்கு வேற சாக்கு தெரியலை, பாவம். அதான், நானும் கண்டுபிடிக்காத மாதிரியே திட்டிக்கிட்டு இருக்கேன்."