அம்மாசிக்குப் பொன்னாடை

மயிலாப்பூர் சபாவில் நாடகம் முடிந்தும் கைதட்டல் ஓயவில்லை. அடையாற்றங்கரைக் குடிசை இடிபட்டு நடைபாதைக்கு வந்த அம்மாசியைப் பற்றி ஃபிரெட்ரிக் பத்திரிகையில் எழுதிய கட்டுரைதான் கதை. அந்த ஒரு கட்டுரையால் அவனுக்கு விருது, டிவி விவாதம், போகுமிடமெல்லாம் செல்ஃபி.

மேடையில் நின்றவனிடம் இயக்குநர் நிஷா கிசுகிசுத்தாள். "சார், ஒரு சர்ப்ரைஸ். நிஜ அம்மாசியையே கண்டுபிடிச்சுட்டோம். நீங்கதான் பொன்னாடை போர்த்தணும்."

ஃபிரெட்ரிக் சட்டென்று மறுத்தான். "யாரோ ஏமாத்தறாங்க நிஷா."

"இல்ல சார். நீங்க கட்டுரையில எழுதின மாதிரியே இடது கையில அந்தத் தீக்காயம்கூட இருக்கு."

அந்தப் பெண் மேடைப் படியேறி வந்தாள். அதே கிழிந்த பச்சைப் புடவை, அதே தீக்காயம்.

எப்படி இருக்க முடியும்? வீட்டில் தனியாக உட்கார்ந்து, லேப்டாப்பில் அவன் இட்டுக்கட்டியவள் அம்மாசி. அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு எவளோ வேஷம் போடுகிறாள், அவ்வளவுதான். மனத்தைத் தேற்றிக்கொண்டு பொன்னாடையைப் போர்த்தினான்.

அவள் அவன் காதருகே வந்தாள்.

"மொதல்ல எனக்கு சொர்ணம்னுதான பேரு வெச்ச? அப்பால இன்னாத்துக்கு நைனா அழிச்ச?"