பக்கத்துத் தோட்டக்காரரின் கையெழுத்து

"செல்லையா இன்னும் கையெழுத்து வைக்கல்லயா?"

வழக்குப் பேசும் லோயர் போனில் கேட்டதும் ஜைனுதீனுக்குத் தலை கொதித்தது. பின்னே கொதிக்காதா? நாளை காலை நீதிமன்றத்தில் பத்திரம் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பேரில் பதினொரு பேருடையது தயார். வழக்கைத் தொடங்கி வைத்த ஜைனுதீனுடையது மட்டும் இல்லை!

விலங்குகளைச் சுட்டுப் பயிர் காக்கக் கொடுத்திருந்த துவக்குகளை அரசாங்கம் திருப்பி வாங்கிக்கொண்டதிலிருந்து இரத்தோட்டைப் பக்கம் காட்டுப் பன்றிகளின் ராஜ்ஜியம்தான். மரவள்ளி ஒரு கிழங்கு மிஞ்சவில்லை. இந்த உத்தரவே பிழை என்று ஊரைக் கூட்டி வழக்குப் போட்டவர் ஜைனுதீன். வழக்கு முடியும்வரை துவக்கைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நீதிமன்றமும் இறங்கி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. 'இவரால் எங்களுக்கு ஆபத்தில்லை' என்று பக்கத்துத் தோட்டக்காரர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் செல்லையா ஒரு வாரமாக 'இன்னைக்கு, நாளைக்கு' என்று இழுத்தடிக்கிறார். வழக்கில் சேர்ந்தவர்கள் கடையில் வைத்து அவரை ஏசாத ஏச்சில்லை. குனிந்த தலை நிமிராமல் போய்விடுகிறார்.

"தண்ணியில்லாத காலத்துல எங்கட கிணத்துலதானே அள்ளினான்! நன்றி கெட்டவன்!" என்று ஜைனுதீன் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"கொஞ்சம் நில்லுங்களேன்," என்று மனைவி நாச்சியா கூப்பிட்டது அவர் காதில் ஏறவில்லை. வேலியைத் தாண்டிவிட்டார்.

செல்லையா முற்றத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். பத்திரத்தைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"எனக்கு ஏலாதுங்க நானா," என்றார், வழக்கம்போல் அண்ணன் முறை வைத்து.

"ஏன் ஏலாது? என்னையக் கண்டா பயமா?"

"பயமெல்லாம் இல்லைங்க."

"அதைத்தானே எழுதச் சொல்றேன்! ஓ, அந்தப் பழைய கதைய மனசுல வச்சிக்கிட்டுப் பழி வாங்குற, அப்படித்தானே?"

பழைய கதை சின்னக் கதையல்ல. போன வருசம் வேலியோரப் பலா மரத்துக்கு வந்த சண்டையில், ஜைனுதீன் துவக்கைச் செல்லையாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டி, விசையையும் இழுத்துவிட்டார். வெடிக்கவில்லை. தோட்டா ஈரமாகியிருக்கும், அல்லாஹ் காப்பாற்றினான் என்று பிறகு எத்தனை நாள் தூக்கமில்லாமல் புரண்டார்! செல்லையா பொலிசுக்குப் போகவில்லை. ஒருத்தரிடமும் மூச்சு விடவுமில்லை.

"சத்தியமா இல்லைங்க நானா. ஏசுங்க, கேட்டுக்கிறேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

வீட்டுக்கு வந்த வேகத்தில் ஜைனுதீன் பத்திரத்தை நாச்சியாவின் முன்னால் எறிந்தார்.

"முடிஞ்சிது! ஊருக்கெல்லாம் துவக்கு வருது, வழக்குப் போட்டவனுக்கு இல்ல. இனி ஊரே சிரிக்கும். எல்லாம் அந்தப் பொறாமை புடிச்சவனால!"

அரிசி களைந்துகொண்டிருந்த நாச்சியா சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"அந்த மனிசன ஏசாதீங்க. கையெழுத்து வைக்க வேணாம்னு கெஞ்சிக் கேட்டது நான்."

"நீயா?"

"நான்தான். பன்றி கிழங்கத் தின்னுட்டுப் போகட்டும். உங்கட கோவத்தையும் அந்தத் துவக்கையும் ஒரே வீட்டுல வச்சிக்கிட்டு இனி எனக்கு இரிக்க ஏலா."

"ஒரே ஒரு தரம் புத்தி கெட்டுப் போச்சிடி! அதுவும் தோட்டா ஈரமாகி..."

"ஈரமா? அன்னைக்குக் காலையில இருந்தே பலாக்காய்க்காகப் பல்லக் கடிச்சிக்கிட்டு நின்டீங்க. எனக்குப் பயம் வந்திச்சி. தோட்டாவக் கழட்டி, வச்சிக்கிங்கண்டு செல்லையா அண்ணன்ட குடுத்திட்டு வந்தேன். நீங்க அவர்ட நெஞ்சுக்கு நீட்டி இழுக்கக்குள்ள, அந்தத் தோட்டா அவர்ட சட்டைப் பையிலதான் இரிந்திச்சி."