தினம் ஒரு வியாதி

இன்று காலை காளிதாசனுக்குக் கிட்னி போயிருந்தது. நேற்று கல்லீரல், முந்தாநாள் இருதயம்.

மலேசியாவில் செர்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவன். நாலாள் வேலையை ஒற்றையாய்ப் பார்த்த உடம்பு, இப்போது கட்டிலை விட்டு இறங்கவே யோசித்தது. விடிந்ததும் மனைவி பிரேமாவதி தேநீரோடு, சமையலறையில் சார்ஜில் கிடந்த கைப்பேசியையும் கொண்டுவந்து கொடுப்பாள். திறந்தால் போதும், வெள்ளைக் கோட்டு போட்ட எவனாவது திரையில் வந்து உட்கார்ந்துகொண்டு, கால் வீங்குகிறதா என்று கேட்பான்.

காளிதாசன் காலைப் பார்ப்பான். வீங்கித்தான் இருக்கும்.

"பிரேமா, இங்க அமுக்கிப் பாரேன். குழி விழுதா?"

அவள் ரொம்ப நேரம் அமுக்கிப் பார்த்தாள். "விழுற மாதிரிதாங்க இருக்கு."

கிளினிக்கில் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று டாக்டர் சிரித்தார். சிரிக்கிற டாக்டரை எப்படி நம்புவது?

மனசு கேட்காமல், பட்டணத்தில் ஹேண்ட்போன் கடை வைத்திருக்கும் நளினியிடம் போய் நீட்டினான்.

"இதுக்குப் பேய் கீய் புடிச்சிருக்கா பாரும்மா. எனக்கு வரப்போற சீக்கெல்லாம் எனக்கு முன்னாடி இதுக்குத் தெரியுது."

"பேயெல்லாம் இல்லலா அண்ணே. நீங்க எதத் தேடுறீங்களோ, அதத்தான் திருப்பித் திருப்பிக் காட்டும். தேடுறத நிறுத்துங்க, அதுவும் நிறுத்திடும்."

"நான் எங்கம்மா தேடுனேன்? அந்தப் பழக்கத்த விட்டு வருசமாச்சு."

விட்டதற்குக் காரணம் இருந்தது. வயிற்றுப் பிள்ளை அசையவில்லை என்று பிரேமாவதி அழுத அன்று, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் கைப்பேசியைத்தான் அவன் கேட்டான். "கடைசி மாசத்துல புள்ள தூங்குமாம், போட்டிருக்கான். சும்மா படு" என்று சொல்லித் திரும்பிப் படுத்தான். பிறந்த பிள்ளை கண்ணே திறக்கவில்லை.

அதைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. செத்த பிள்ளைதான் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்து தன்னைக் கேட்கிறது என்று காளிதாசனுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியை மனைவியின் கையில் கொடுத்தான்.

"இத எங்கயாச்சும் வீசிடலாமா பிரேமா?"

"வீசிட்டா நோவு போயிடுமா? தெரிஞ்சி வச்சிக்கிறது நல்லதுதானே."

"நான் போயிட்டா நீ என்னா பண்ணுவ?"

"அப்படியெல்லாம் பேசாதீங்க. சுடுதண்ணி வச்சிருக்கேன், போய்க் குளிங்க."

இப்படி ஒருத்திக்கா அன்று துரோகம் செய்தோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான். தண்ணீர் விழும் சத்தத்தில் அவனுக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

பிரேமாவதி கைப்பேசியை வாயருகே வைத்து, நிறுத்தி நிதானமாய்க் கேட்டாள்:

"தூக்கத்துலயே உசுரு போறதுக்கு என்னென்ன அறிகுறி?"