மொட்டுப் பாவாடை

"அண்ணி, கண்ணைக் கழட்டி எங்க வச்சிட்டுத் தைச்சீங்க?"

தையல் பொம்மை மேலிருந்த பாவாடையை உருவி மேஜையில் வீசினாள் கத்திரி. நாலு வயதில் அப்பாவின் புதுச் சட்டையை நறுக்கித் தள்ளியபோது வீட்டில் வைத்த பெயர் அது. இப்போது பிழைப்பே அதுதான். ஒரு துணிக் கம்பெனியில் தைப்பதற்கான பேட்டர்ன் துண்டுகளை வெட்டுகிறாள்.

"ஏன், என்னாச்சு?" மெஷினிலிருந்து தலை நிமிர்த்தினாள் அண்ணி.

"துண்டுக்குத் துண்டு ஓரத்துல சின்னதா வெட்டுக் குறி போட்டுக் குடுக்கறேன்ல? குறியும் குறியும் நேருக்கு நேரா நிக்கணும். இங்க பாருங்க, தள்ளி நிக்குது. அதுவும் அஞ்சு தையல்லயும்!"

"அடடா, கை தவறிடுச்சும்மா."

"வெள்ளிக்கிழமை எங்க கம்பெனி மேடம் பார்க்கறாங்க அண்ணி. பிடிச்சிருந்தா டிசைனர் நாற்காலி. இல்லைன்னா ஆயுசுக்கும் நான் காலர் வெட்டிக்கிட்டே கிடக்க வேண்டியதுதான்."

அண்ணி மறுபடி மெஷினில் குனிந்தாள். முன்னாலேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தவள்தான். முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, குறி பிசகாமல் தைத்த முதல் பாவாடை விரித்த குடை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றபோது, "எனக்கு ஒண்ணு தோணுது..." என்று வாயைத் திறந்தாள்.

"நீங்க தைச்சா போதும் அண்ணி. யோசிக்கிற வேலையை நான் பார்த்துக்கறேன்" என்று கத்திரி வாயை அடைத்துவிட்டாள்.

எல்லாம் ஜன்னலோரத் தொட்டியில் இருந்த செம்பருத்தி மொட்டு செய்த வேலை. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அதன் எதிரே போய் உட்கார்ந்துவிடுவாள். அஞ்சு இதழும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். எந்த நிமிஷத்தில் அவிழ்கிறது என்று ஒருநாளும் அவளால் பிடிக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருப்பாள், பார்த்தால் பூவாக இருக்கும். அப்படி ஒரு பாவாடை வேண்டும். நின்றால் மொட்டு, நடந்தால் பூ.

அந்த நினைப்பிலேயே மிதந்தாள். காகித இதழ்கள் கட்டிலில், குளியலறையில், அண்ணன் செருப்புக்குள்ளேகூடக் கிடந்தன. காபிக்குள் இஞ்ச் டேப்பை விட்டுக் கலக்கிய கதையை அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை இதழின் வளைவைக் கொஞ்சம் கூட்டி, புதுசாக வெட்டிக் கொடுத்தாள். தைத்து வந்தது. குறிகள் மறுபடி தள்ளித்தான் நின்றன.

"வேணும்னே பண்றீங்களா?"

"ராத்திரி சரியாத் தூக்கமில்லம்மா."

"உங்களை நம்பி இறங்கினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

புதன்கிழமை நாலாவது பாவாடை வந்தது. பொம்மைக்கு மாட்டி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது, இதுதான் இருப்பதிலேயே மோசம். ஆத்திரம் தலைக்கேற, பிரிப்பதற்குக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள்.

ஜன்னல் வழியாகக் காற்று வந்தது.

வெள்ளைத் துணியின் அஞ்சு இதழும் ஒன்றையொன்று மெல்லச் சுற்றின. விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுழன்று, மூச்சு விடுவதுபோல் விரிந்தது. காற்று நின்றதும் தானாகச் சுருண்டு கூம்பிக்கொண்டது. கத்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதாள்.

வியாழக்கிழமை அதே அளவில், குறிகளை அதே தூரம் தள்ளி, ரோஜா நிறப் பட்டில் தானே தைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மேடம் பாவாடையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எப்படிம்மா தோணுச்சு?"

"மொட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன் மேடம்." பொய்யில்லை. அண்ணியின் கை தவறியதைச் சொல்லி யாராவது மார்க் வாங்குவார்களா?

"திங்கட்கிழமையிலேருந்து அந்த டிசைனர் நாற்காலி உனக்கு. ட்ரையல் தைச்சது எல்லாத்தையும் கொண்டு வா. ஒவ்வொண்ணுலயும் நீ என்ன மாத்தினேன்னு அளந்து சீட்டு எழுதிக் கட்டிடணும். நம்ம கம்பெனி வழக்கம் தெரியும்ல?"

மூலையில் வீசியிருந்த பாவாடைகளைத் தேடி எடுத்து, அன்று சாயங்காலம் வீட்டில் அளக்க உட்கார்ந்தாள். நாலாவதின் அளவு தெரிந்ததுதான், குறிகள் ஒன்றரை அங்குலம் தள்ளியிருந்தன. மூன்றாவது ஒரு அங்குலம். இரண்டாவது அரை அங்குலம். ஞாயிற்றுக்கிழமை தைத்த முதலாவதில் மட்டும் பிசகே இல்லை.

டேப் கையிலேயே நின்றது. இன்னொரு தடவை அளந்தாள். தள்ளித் தைத்த ஒவ்வொரு பாவாடையிலும் அஞ்சு தையல், அஞ்சும் நூல் பிசகாமல் ஒரே அளவு.

எழுந்து போய் மெஷின் பக்கத்தில் நின்றாள். அண்ணி யாருடைய கவுனுக்கோ ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி... அரை, ஒண்ணு, ஒன்றரை. கை தவறினா இப்படி வரிசையாவா தவறும்?"

மெஷின் நின்றது.

"அந்தத் திட்டு திட்டினேனே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" குரல் உடைந்துவிட்டது கத்திரிக்கு.

அண்ணி பல்லால் நூலைக் கடித்து எடுத்தாள்.

"சரியாத் தைச்சுட்டு நான் சொன்னப்போ நீ காதுல வாங்கலையே? தப்பாத் தைச்சா, திட்டறதுக்காகவாவது நீ கிட்ட வந்து உத்துப் பார்ப்பேன்னு நெனைச்சேன்."